சாப்பாட்டு இலைக்கும் தேயிலைக்கும் நடுவே

சிதம்பரம் தெற்கு வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் குடியிருக்கும் என் தமக்கையின் மகள், பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினால், பன்னிரண்டே படிகள் கொண்ட மாடிப்படியை ஏறி முடிப்பதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குகிறாள் என்று கேள்விப்பட்டு, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறிப் போய் அவளைப் பார்த்தேன். காலைப் பலகார வேளை. தட்டில் நான்கு இட்டிலி. சிதம்பரத்துக்கே உரிய கத்தரிக்காய்க் கொத்சு. பக்கத்தில் நூல் தொங்கும் சிறு பையொன்று ஊறிக்கொண்டிருந்த கண்ணாடித் தம்ளர். மூன்றாவது இட்டிலி முடிந்ததும் அவள் இரும்புச் சத்து மாத்திரை ஒன்றைப் பிரித்து வாயில் போட்டு, அந்தத் தம்ளரிலிருந்த இளம் பச்சை நிறத் தேநீரைக் குடித்து விழுங்கினாள்.

"தண்ணிக்குப் பதிலா இதாலயே போட்டுக்கறேன் மாமா. ரெண்டும் உடம்புக்கு நல்லதுதானே?" என்றாள்.

மூன்று மாதங்களாக அப்படித்தான் செய்து வந்திருக்கிறாள். மூன்று மாதங்களுக்கு முன் அவளது இரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.1, அந்த வாரம் எடுத்த பரிசோதனையில் 9.3. மாத்திரை ஒருநாளும் தவறவில்லை. தேநீரும் ஒருநாளும் தவறவில்லை.

எங்கள் தாத்தா காலத்தில் வீட்டிலேயே எழுதும் மை காய்ச்சுவார்கள். கடுக்காயை இடித்து ஊறவைத்து, அந்தக் கஷாயத்தில் அன்னபேதியைக் கரைத்தால், மஞ்சளும் பச்சையுமாக இருந்த திரவம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துப்போகும். கடுக்காயின் துவர்ப்பு, அன்னபேதியிலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு கறுப்பாகிறது என்பதே அதன் இரகசியம். நம் சுகாதார நிலையங்களில் தருகிற இரும்புச் சத்து மாத்திரையில் இருப்பதும் அந்த அன்னபேதிதான். இரசாயனப் பெயர் பெரஸ் சல்பேட் என்பது. தேயிலையின் துவர்ப்போ கடுக்காயின் துவர்ப்புக்கு உறவுமுறை. அவளுடைய தம்ளரில் மிச்சமிருந்த தேநீரில் ஒரு மாத்திரையை நசுக்கிப் போட்டுக் கலக்கிக் காட்டினேன். சிறிது நேரத்தில் இளம் பச்சை மங்கி, ஊதா கலந்து, மழைக்கால மேகத்தைப் போல் கறுத்தது. "இதுதான் உன் வயிற்றுக்குள்ளேயும் நடக்கிறது" என்றேன். அவள் தம்ளரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள்.

பச்சைத் தேநீர் என்னும் இப்பானத்தைப் பற்றி இன்று நம் கடலூர் ஜில்லாவில் பேசாத வீடில்லை. தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையில் விடியற்காலையில் நடக்க வருகிறவர்கள் பிளாஸ்கில் கொண்டு வருகிறார்கள். அண்ணாமலை நகர் மாணவர்கள் பால் டீயை விட்டு இதற்கு மாறியிருக்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூர்க் கடைவீதியில் மளிகைக் கடைகளில்கூட இஞ்சி கலந்தது, துளசி கலந்தது, எலுமிச்சை கலந்தது என்று அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. சர்க்கரை வியாதி தணியும், கொழுப்புக் கரையும், இருதயம் பலப்படும், புற்றுநோய் அண்டாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் புகழ்மாலையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆசை என்று பிரித்தறிவது, குடிக்கிற ஒவ்வொருவருக்கும் செய்யவேண்டிய உபகாரம் என்று கருதியே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நீலகிரியில் 'பசுந்தேயிலை' என்றால் தோட்டத்தில் கொய்து, ஈரம் உலராமல் தொழிற்சாலைக்குப் போகும் கொழுந்து என்றே பொருள். பசுந்தேயிலைக்கு விலை கிடைக்கவில்லை என்று அங்குள்ள சிறு விவசாயிகள் முறையிடுவது அந்தக் கொழுந்தைப் பற்றித்தான். நாம் 'கிரீன் டீ' என்று வாங்குவது அதன்று. ஆனால் அதற்கு மிக நெருங்கியது. ஒரே செடி, ஒரே கொழுந்து. கொய்த இலையை நசுக்கி, காற்றுப் படும்படி விட்டால், இலைக்குள்ளிருக்கும் ஒருவகை நொதி வேலை செய்து, இலை செம்பு நிறமாகிப் பின் கறுத்து, நம் டீக்கடை பாய்லருக்கு அருகில் டப்பாவில் இருக்கும் தூளாகிறது. அவ்வாறு கறுக்க விடாமல், கொய்த கையோடு ஆவியில் வேகவைத்தோ (ஜப்பானியர் வழக்கம்), சூடான வாணலியில் வாட்டியோ (சீனர் வழக்கம்) அந்த நொதியைச் செயலறச் செய்துவிட்டால், இலையின் பசுமையும், கேட்டச்சின் என்று விஞ்ஞானிகள் அழைக்கும் துவர்ப்புப் பொருள்களும் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடுகின்றன. பச்சைத் தேநீரின் நன்மைகள் என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பங்கு இந்தத் துவர்ப்பிலிருந்தே வருகிறது. தீமைகளும் அந்தத் துவர்ப்பிலிருந்தே வருகின்றன. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதை மறந்துவிட்டுப் பேசுவதால்தான் இவ்வளவு தடுமாற்றம்.

நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஜப்பானில் மியாகி மாகாணத்து ஒசாகி பிரதேசத்தில் 1994-இல் தொடங்கி, நாற்பது முதல் எழுபத்தொன்பது வயது வரையிலான 40,530 பேரைப் பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தினம் ஐந்து கோப்பையும் அதற்கு மேலும் பச்சைத் தேநீர் அருந்தியவர்களுக்கு, ஒரு கோப்பைகூட அருந்தாதவர்களைவிட, மரண அபாயம் ஆண்களில் 12 சதவீதமும் பெண்களில் 23 சதவீதமும் குறைந்திருந்தது. இருதயம், இரத்தக் குழாய் சம்பந்தமான மரணங்களில் வித்தியாசம் இன்னும் அதிகம். இது சாமானியமான செய்தி அன்று. ஆனால் அதே ஆராய்ச்சியில் புற்றுநோய் மரணங்களில் எவ்விதப் பயனும் தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மேலும், இது கவனித்துக் கணக்கெடுத்த ஆராய்ச்சியேயன்றி, ஒரு சாராருக்குத் தேநீரும் மற்றொரு சாராருக்கு வெந்நீரும் கொடுத்துச் சோதித்தது அன்று. பால் கலக்காமல், சர்க்கரை போடாமல், மீனும் கடற்பாசியும் உண்டு, நடந்து உழைத்து வாழும் ஜப்பானியக் கிராமவாசியின் ஆயுளுக்குக் கோப்பைத் தேநீர் எவ்வளவு காரணம், வாழ்க்கை முறை எவ்வளவு காரணம் என்று முழுவதும் பிரித்துவிட முடியாது.

கெட்ட கொழுப்பைச் சிறிதளவு குறைக்கிறது என்பதற்குச் சோதனைகளின் ஆதரவு உண்டு. உடல் இளைக்கும் என்பதற்கு அத்தகைய ஆதரவு இல்லை: பல சோதனைகளை ஒன்றுசேர்த்துச் சீர்தூக்கிய காக்ரேன் அமைப்பினரின் 2012-ஆம் ஆண்டு ஆய்வு, எடைக் குறைவு மருத்துவ ரீதியில் பொருட்படுத்தத்தக்கதன்று என்றே முடிவு கண்டது. புற்றுநோய் பற்றி அவர்களே 2020-இல் ஆராய்ந்தபோது, சான்றுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்றார்கள். ஆகவே, இனிப்பும் பாலும் இல்லாத, இருதயத்துக்கு அநேகமாக அனுகூலமான நல்ல பானம் என்று இதைச் சொல்லலாம். ஔஷதம் என்று சொல்லலாகாது.

இனி, அபாயத்துக்கு வருகிறேன். நம் ஜில்லாவுக்கு, இன்னும் சரியாகச் சொன்னால் நம் வீட்டுப் பெண்களுக்கு, இதில் முதன்மையானது இரும்பு பற்றியதுதான். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல். அரிசியும் பருப்பும் கீரையுமாகிய நம் ஆகாரத்திலுள்ள இரும்பு, மாமிசத்திலுள்ள இரும்பைப் போல் எளிதில் உடம்பில் ஒட்டுவது அன்று. துவர்ப்புப் பொருள்கள் சுலபமாகப் பற்றி இழுத்துச் செல்லக்கூடிய தாவர இரும்பு. 1975-இலேயே தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சியாளர்கள், இரும்பு உப்புக் கரைசலோடும், ரொட்டியோடும், உருளைக்கிழங்கும் வெங்காய சூப்பும் சேர்த்த சோற்றோடும் தேநீரைக் கொடுத்துச் சோதித்து, எல்லாவற்றிலும் இரும்பு உடம்பில் சேர்வது குறைந்துபோவதைக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே இந்தக் குற்றத்தைப் பச்சைத் தேநீர் ஒன்றின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. டீக்கடைத் தேநீரும் இதே தொழிலைச் செய்கிறது. வித்தியாசம் என்னவென்றால், டீக்கடைத் தேநீரை யாரும் ஆரோக்கியத்துக்காகக் குடிப்பதில்லை; பச்சைத் தேநீரையோ, நல்லது செய்கிறோம் என்ற நம்பிக்கையில், பலகாரத்தோடும், சாப்பாடு முடிந்த கையோடு ஜீரணத்துக்கென்றும், என் தமக்கை மகளைப் போல் மாத்திரையோடும் சேர்த்தே அருந்துகிறார்கள்.

இதற்குப் பரிகாரம் கடினமானது அன்று. உணவுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரம் விட்டால் இந்தத் தடை பெருமளவு தணிந்துவிடுகிறது என்று 2017-இல் வெளியான சோதனை காட்டியது. நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசிய ஊட்டச்சத்து நிலையம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு நெறிமுறைகளும் அதையே சொல்கின்றன: உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் தேநீரும் காப்பியும் தவிர்க்கப்படவேண்டும். ஐதராபாத்தில் இருக்கும் அந்த நிலையம் பிறந்தது எங்கே என்று நினைக்கையில் எனக்கு ஒரு நெகிழ்ச்சி உண்டாகிறது. 1918-இல் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒற்றை அறையில் பெரிபெரி நோய் ஆராய்ச்சிக்கென்று தொடங்கியதே பின்னர் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள் படர்ந்த மலையில், சோறு உண்ணும் ஏழையின் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டுத் தொடங்கிய நிலையம், நூறு ஆண்டு கழித்து அந்தத் தேயிலையைச் சோற்றிலிருந்து ஒரு மணி நேரம் விலக்கி வை என்று சொல்கிறது. இந்த ஒற்றை வாக்கியம் எத்தனை அட்டைப் பெட்டிகளின் மேல் அச்சிடப்பட்டிருக்கிறது? நான் கடலூரிலும் சிதம்பரத்திலும் கடைகளில் நின்று ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்த்த பதினொரு பெட்டிகளில் ஒன்றிலும் இல்லை.

இதனினும் கொடிது மாத்திரை ரூபம். தேயிலையின் சாரத்தை வடித்துச் செறிவாக்கி, குப்பிகளில் அடைத்து, உடல் இளைப்பதற்கென்று விற்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் வாலிபர்கள் இணையத்தில் தருவித்துக்கொள்கிறார்கள். கோப்பையில் ஊறி வரும் தேநீருக்கும் இந்தச் சாரத்துக்கும் உள்ள தூரம், வீட்டில் வைக்கும் சுக்குக் கஷாயத்துக்கும் சுக்கு மூட்டையையே விழுங்குவதற்கும் உள்ள தூரம். அப்படிப்பட்ட சாரமொன்று கல்லீரலைக் கெடுக்கிறது என்று தெரிந்து பிரான்சிலும் ஸ்பெயினிலும் 2003-இலேயே விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் ஆராய்ந்து, வழக்கமாக ஊறவைத்துக் குடிக்கும் தேநீர் பொதுவாகக் கெடுதலற்றது என்றும், ஈஜிசிஜி என்னும் முக்கிய கேட்டச்சினை மாத்திரைகள் மூலம் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் உட்கொண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பின் அடையாளங்கள் இரத்தத்தில் ஏறுகின்றன என்றும் அறிவித்தது. ஐரோப்பாவில் தேநீராகக் குடிப்பவர்களுக்குச் சராசரியாகக் கிடைப்பது தினம் 90 முதல் 300 மில்லிகிராம் வரைதான். இத்தனைக்கும் எல்லோருடைய கல்லீரலும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. பிறவியிலேயே சிலரிடம் அமைந்துள்ள ஒரு மரபணு வகை இந்தப் பாதிப்போடு நெருங்கிய தொடர்புடையது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். தனக்கு அது உண்டா இல்லையா என்று எந்த வாலிபன் பரிசோதித்துக்கொண்டு குப்பியைத் திறக்கிறான்? ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் சட்டம் செய்து, குப்பிகளில் ஈஜிசிஜியின் அளவைக் கட்டுப்படுத்தியதோடு, வெறும் வயிற்றில் உண்ணலாகாது, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் உண்ணலாகாது என்று குப்பியின் மேலேயே எழுதச் செய்தது. கண்ணெதிரே இருக்கும் இந்த உதாரணத்தைப் பின்பற்ற நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் காலம் கடத்தவேண்டிய அவசியம் எனக்குப் புலப்படவில்லை.

மருந்து சாப்பிடுகிறவர்கள் மேலும் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். ஜப்பானில் 2014-இல் பத்துப் பேருக்கு இரண்டு வாரம் தினம் 700 மில்லிலிட்டர் பச்சைத் தேநீர் கொடுத்துப் பார்த்ததில், இரத்த அழுத்தத்துக்குத் தரும் நாடோலால் என்னும் மருந்து இரத்தத்தில் சேரும் அளவு 85 சதவீதம் குறைந்துபோயிற்று. மருந்தைத் தவறாமல் சாப்பிட்டும் சாப்பிடாதவர் நிலை. இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் சாப்பிடுபவர்கள், அளவு மீறி இதைக் குடித்தாலும், மருத்துவரிடம் சொல்லாமல் திடீரென்று தொடங்கினாலும் நிறுத்தினாலும் சங்கடம் உண்டு. சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை போதும்: 65 பாகைக்கு மேல் கொதிக்கக் கொதிக்க எந்தப் பானத்தை அருந்தினாலும் உணவுக் குழாய்க்கு அபாயம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2016-இல் எச்சரித்திருக்கிறது, பச்சைத் தேயிலைக்கோ கொதிநீரே ஆகாது, கொதித்து இறக்கிச் சற்று ஆறவிட்ட நீரில் இரண்டு மூன்று நிமிஷம் ஊறினால்தான் கசப்பேறாமல் இருக்கும்.

பச்சிலையைப் பானமாக்கிப் பருகும் பழக்கம் நம் ஜில்லாவுக்கு ஜப்பானிலிருந்து வரவேண்டியதில்லை. மருதூரில் பிறந்து, 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையின் அடுப்பை ஏற்றிவைத்த இராமலிங்க சுவாமிகள், தம்மைச் சேர்ந்தவர்களுக்கு அன்றாட ஒழுக்கம் வகுத்தபோது, கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை இவற்றோடு சீரகம் சேர்த்த சூரணத்தை நீரும் பாலும் விட்டுக் காய்ச்சி அருந்தும்படி சொல்லியிருக்கிறார். அந்த மூலிகைகளின் குணாகுணத்தை எடைபோடும் தகுதி எனக்கில்லை. என் மனம் நிற்கிற இடம் வேறு. காலை எழுந்தது முதல் இரவு படுப்பது வரை எதை எப்போது, எந்த அளவில், எதற்குப் பின் என்று அவர் ஒழுங்கு செய்து கொடுத்தார். இலையின் பெயரை மாத்திரம் சொல்லிவிட்டுப் போகவில்லை. நம் வைத்திய மரபில் அனுபானம், வேளை, பத்தியம் என்று மூன்று சொற்கள் இருப்பதும் அதற்காகவே. இன்று பெட்டியில் இலை வருகிறது, பெயர் வருகிறது, புகழ் வருகிறது, வேளை மட்டும் வருவதில்லை. நீலகிரி மலையில் நம் தமிழ்த் தொழிலாளிகளின் கைகள் ஒவ்வொரு கொழுந்தாய்க் கிள்ளிச் சேர்த்த நல்ல பொருள், வேளை தெரியாமல் குடித்தவள் உடம்பில் கெடுதலாய் முடிவது எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே நான் கேட்பவை மிகச் சில. தேயிலைப் பெட்டி ஒவ்வொன்றிலும், அது பச்சையானாலும் கறுப்பானாலும், உணவுக்கும் இரும்பு மாத்திரைக்கும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கவும் என்று தமிழில் ஒரு வரி அச்சிடவேண்டும். கிராம சுகாதார செவிலியர் வீட்டு வாசலில் மாத்திரை அட்டையைக் கொடுக்கும்போதும், பள்ளிக்கூடங்களில் வாரம் ஒருநாள் பெண் பிள்ளைகளுக்கு மாத்திரை விநியோகிக்கும்போதும், டீயோடு போடாதே, எலுமிச்சை நீரோடு போடு என்று அந்த ஒரு சொல்லையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். தேயிலைச் சாரம் அடைத்த குப்பிகளை, எச்சரிக்கை வாசகமின்றி எந்தக் கடையிலும் விற்க அனுமதிக்கலாகாது.

என் தமக்கை மகளை நான் தேநீரை விட்டுவிடச் சொல்லவில்லை. அவளுக்கு அதன் கசப்பு பிடித்திருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு தம்ளர் குடித்தால் தலைபாரம் இறங்குகிறது என்கிறாள். மாத்திரைக்கும் அதற்கும் நடுவே பொழுதை மட்டும் மாற்றிவைத்தோம். மாத்திரை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எலுமிச்சை நீரோடு. தேநீர் மாலை நான்கரை மணிக்கு. அவளைப் பார்த்த டாக்டர், தேநீர் ஒன்றே காரணம் என்று முடிவு கட்டிவிடாமல், இரத்தம் எங்கே போகிறது, வயிற்றில் புழு உண்டா என்றும் பார்க்கவேண்டும் என்றார், அதுவும் நடந்துகொண்டிருக்கிறது. சென்ற வாரம் போனபோது அடுக்களை அலமாரியில் தேயிலை டப்பாவின் மூடிமேல், பள்ளிக்கூட நோட்டின் கட்டம் போட்ட தாளைக் கிழித்து, "சாயங்காலம் மட்டும்" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தாள். கணக்கு வாத்தியார் கையெழுத்து; எழுத்துகள் கட்டத்துக்குள்ளேயே நின்றன. புரட்டாசி கடைசியில் மறுபடி இரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.